அவரவர் சாமி மேல் சத்தியம்

புரட்டாசி சனிக்கிழமை வந்துவிட்டால் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எங்களுக்கு வேறு நினைப்பே இருக்காது. விடியும் முன்பே கிணற்றடியில் நிற்கவைத்துத் தலைக்கு ஊற்றுவாள் அம்மா. ஈரம் உலர்வதற்குள் நெற்றியில் நாமம் ஏறிவிடும். முந்தின நாளே புளி போட்டுத் துலக்கிவைத்த செம்புச் சொம்புக்கும் நாமம் உண்டு. அதன் கழுத்தில் ஒரு துளசிச் சரம். "வெங்கட்ரமணா கோவிந்தா!" என்று கத்திக்கொண்டே நாலைந்து பையன்கள் தெருத்தெருவாய்ப் போவோம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. வீட்டு அரிசிப் பானை நிறைந்திருந்தாலும் வாசல் வாசலாய் நின்று வாங்கிய அரிசியில்தான் அன்றைக்குத் தளிகைப் பொங்கல். பெருமாளுக்கு அப்படித்தான் நேர்ந்திருந்தாள் அம்மா.

எங்கள் தெருவில் மூன்று மொழி புழங்கியது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர்கள் நாங்கள். எந்த வாக்கியம் எந்த மொழியில் தொடங்கி எதில் முடியும் என்று எங்களுக்கே தெரியாது. தெருக்கோடியில் நாலு முஸ்லிம் வீடுகள். அங்கே உருது, எங்களிடம் பேசும்போது தமிழ். அந்த நாலில் பெரிய வீடு வெல்ல மண்டி பாயுடையது. மண்டி சந்தப்பேட்டைப் பக்கம் இருந்தது. வீட்டுத் திண்ணை வரைக்கும் வெல்ல வாசனை வரும், ஈயும் வரும்.

பெரிய பையன்கள் அந்த நாலு வீட்டையும் தாண்டித்தான் போவார்கள். கூடாது என்று யாரும் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. ஒரு சனிக்கிழமை நான் கடைசியாய் நடந்துகொண்டிருந்தேன். பாயின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா பேட்டா, எங்க அரிசி உங்க சாமிக்கு ஆவாதா?"

சொம்பை நீட்டினேன். பிடியால் போடாமல் ஆழாக்கால் அளந்து, ஆழாக்கின் விளிம்பைத் தட்டிச் சமமாக்கி, சிந்தாமல் போட்டார். போட்டுவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பயந்து பயந்து அம்மாவிடம் சொன்னேன். "போட்டாங்களா? நல்லதுடா" என்று சொல்லி, வாங்கிய அரிசி அத்தனையும் ஒரே தவலையில் கொட்டிக் களைந்தாள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்த நாலு வீட்டிலும் நின்றோம்.

எங்கள் குடும்பம் எல்லை பிரிந்தபோது ஆந்திரப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பம். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. சித்தூர் அங்கே போனது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. அங்கிருந்த பெரியப்பா ஒரே நாளில் வேறு மாநிலத்துக்காரர் ஆனார். அதைப்பற்றிப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு இங்கே சொல்லவேண்டியது வேறு.

அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நாள் முழுக்க டைப்ரைட்டரில் பிரமாணப் பத்திரம் அடிப்பார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நான் பிறப்பதற்கு முன் ஒரு அக்கா அம்மை வார்த்துப் போய்விட்டாள்; அதற்குப் பிறகு அப்பா கோயிலில் கைகூப்பவில்லை என்று பாட்டி சொல்லித் தெரியும். ஆனால் அம்மாவின் பூஜைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருவது அவர்தான். அந்தப் பூ வாடலாய் இருந்தால் கடைக்காரரிடம் சண்டை போடுவார்.

ஒன்பது வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. சாயங்காலம் அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றாள். மஃரிப் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராய் ஓதி, முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். பீடி வாசனை, அத்தர் வாசனை, வெற்றிலை வாசனை என்று ஒவ்வொரு மூச்சும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. பக்கத்தில் இன்னும் பல அம்மாக்கள், பாதிக்கு மேல் குங்குமம் வைத்தவர்கள், கையில் தம்ளரில் தண்ணீரோடு நின்றார்கள். அதற்கு மறுநாள் அப்பா என்னை வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிப்போனார். சித்தூர் ஜனங்களுக்குப் பெரிய வியாதி என்றால் வேலூர்தான். ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. வார்டில் காலையில் ஜெபம் நடக்கும். எங்களை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அங்கேதான் ஜுரம் விட்டது. பெருமாள் காப்பாற்றினார் என்றாள் அம்மா. மருந்து என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசவே இல்லை. பிற்பாடு, வாழ்நாள் முழுக்கக் கடவுள் இல்லை என்று சொன்ன பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று உயிர்விட்டதும் அதே மிஷன் மருத்துவமனையில்தான். செய்தி வந்த அன்று அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது பாயின் வழக்குக்கு வருகிறேன்.

வெல்ல மண்டியில் பாய்க்குக் கூட்டாளி ஒரு நாயுடு. கூட்டு பிரிந்தபோது கணக்கில் தகராறு வந்தது. தன் பங்கில் ஒரு தொகை வரவில்லை என்றார் பாய். ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், சிநேகிதத்தில் ரசீது வாங்கவில்லை என்றார் நாயுடு. அந்தத் தொகை அப்பாவின் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல். முன்சீப் கோர்ட்டில் வழக்கு இழுத்தது. சாட்சி இல்லை, காகிதம் இல்லை. ஒரு வாய்தாவில் பாய் எழுந்து நின்று, "நாயுடுகாரு காணிப்பாக்கத்துல பிரமாணம் பண்ணட்டும். குடுத்தேன்னு அந்தச் சாமி முன்னாடி சொன்னா எனக்கு ஒரு காசு வேணாம்" என்றாராம்.

சித்தூரைச் சுற்றிச் சண்டை என்றால் கடைசி வார்த்தை காணிப்பாக்கம்தான். "காணிப்பாக்கத்துக்கு வர்றியா?" என்று கேட்டால் பாதிப் பொய் அங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடும். கிணற்றிலிருந்து தானாய்க் கிளம்பிய வரசித்தி விநாயகர். பொய்ச் சத்தியம் செய்தவனை விடமாட்டார் என்பது நம்பிக்கை. பக்கத்தில் ஓடும் பாஹுதா நதிக்கும் ஒரு கதை. சங்கன், லிகிதன் என்று அண்ணன் தம்பி. வழிப்பயணத்தில் பசி தாங்காமல் ஒரு தோப்பில் கேட்காமல் மாங்காய் பறித்துத் தின்றான் தம்பி. அண்ணனே அதை ராஜாவிடம் கொண்டுபோனான். ராஜா தம்பியின் கைகளை வெட்டினான். அந்த ஆற்றில் முழுகி எழுந்ததும் கைகள் வளர்ந்தன என்பார்கள். மாந்தோப்பு ஊர்ப் பிள்ளைகளான எங்களுக்கு அந்தக் கதை கொஞ்சம் கிலி கொடுத்தது.

ஒருவர் கோயிலில் செய்யும் சத்தியத்தைக் கோர்ட் எப்படி ஏற்றுக்கொள்ளும் என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். அன்றைக்குச் சட்டமே இடம் கொடுத்தது. 1873-ஆம் ஆண்டின் இந்திய சத்தியப் பிரமாணச் சட்டத்தில் அதற்கென்று பிரிவுகள் இருந்தன. எதிராளி தன் மத வழக்கப்படி சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு சொல்லலாம். எதிராளி சம்மதித்தால் கோர்ட் அதைப் பதிவுசெய்யும். கோர்ட்டுக்கு வெளியே செய்யவேண்டிய சத்தியம் என்றால் ஒரு கமிஷனரை அனுப்பும். அப்படிச் செய்த சத்தியம்தான் முடிவான ஆதாரம். அதற்குமேல் சாட்சி கிடையாது. அதற்கும் முன்னால், கிழக்கிந்தியக் கும்பினி நாளில், சாட்சி சொல்ல வருகிற இந்துவைக் கங்கைத் தண்ணீர் மேலும் முஸ்லிமைக் குர்ஆன் மேலும் கட்டாயமாகச் சத்தியம் செய்யவைத்தார்கள். அதனால் சாட்சிக்கே ஜனங்கள் வர மறுத்தார்கள் என்று 1840-இல் அதை ரத்துசெய்து, உறுதிமொழி போதும் என்றார்கள்.

அப்பாவின் வக்கீலையே கமிஷனராகப் போட்டார்கள். அவருக்கு இரு தரப்போடும் சம்பந்தம் இல்லை. அப்பா எழுத்துக்கட்டோடு கூடப் போனார். பள்ளிக்கூடம் விடுமுறை, நானும் ஜட்காவில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் கரும்புத் தோட்டம், கிளிமூக்கு மாந்தோப்பு. முன் ஜட்காவில் நாயுடுவும் மண்டியில் மூட்டை தூக்கும் ஒரு பெரியவரும். பாய் சைக்கிளில் வந்தார்.

நாயுடு குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு வந்தார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடிமரத்துப் பக்கம் நின்றார். "எனக்கு இங்கேர்ந்தே கேக்கும்" என்றார். மூட்டை தூக்கும் பெரியவர் வெளி வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் ஊருக்கு வெளியே இருந்த ஹரிஜனவாடாக்காரர். கோயிலில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. பிறந்த ஊரின் பழக்கம் காலைக் கட்டியிருந்தது. 1947-இலேயே சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் போட்டுவிட்டது. அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அத்தனையும் காகிதத்தில் இருந்தன. அவர் வாசலில் இருந்தார். வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க கமிஷன் ரிப்போர்ட்டில் சாட்சிக் கைநாட்டு வைக்கணும். பார்க்காததுக்கு எப்படி வைப்பீங்க? இது கோர்ட் உத்தரவு, உள்ளே வாங்க."

தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். அடிமேல் அடிவைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே. கருவறைக்கு நேரே வந்ததும்தான் தலை நிமிர்ந்தது. கர்ப்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நாயுடு அதன்மேல் கையை நீட்டி, தொகையைச் சொல்லி, தேதியைச் சொல்லி, கொடுத்தது நிஜம் என்றார். குரல் நடுங்கவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. அத்தனை வருஷம் மனசுக்குள் கும்பிட்ட சாமியை அவர் முதல்முறையாக எதிரே பார்க்கிறார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. மதம் சாராத ஒரு கோர்ட்டின் காகிதம்தான் அவரைச் சாமி முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. சட்டம் பக்திக்கு எதிரி என்று யாராவது பேசக் கேட்டால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

வழக்கு அன்றோடு முடிந்தது. பாய்க்குப் பணம் இல்லை. திரும்பும்போது மாந்தோப்பு நிழலில் ஜட்காவை நிறுத்தி வெள்ளரிப் பிஞ்சு வாங்கினார்கள். அப்பா பாயிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "நெஜமா நம்பறீங்களா?"

பாய் வெள்ளரிக்காயை உடைத்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். "குமாஸ்தாவாரு, அவர் சாமி மேல அவர் சத்தியம் பண்ணிட்டாரு. அந்தச் சாமி எனக்கு இல்லே. ஆனா அவருக்கு இருக்குன்னு நான் நம்பினதாலதான் கேட்டேன். இப்பப் போயி சந்தேகப்பட்டா என் ஈமான் என்ன ஆவும்?"

நாயுடு சொன்னது நிஜமா, பொய்யா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாய் வீட்டிலிருந்து புரட்டாசி அரிசி நின்றதில்லை. நாயுடு வீட்டுக் கல்யாணத்துக்குப் பாய் குடும்பத்தோடு போய் வந்தார்.

அப்பாவுக்கு அந்த விவகாரம் ஆறவில்லை. "பயமில்லாதவன் ஜெயிச்சுடுவான், பயந்தவன் தோத்துடுவான். இது நியாயம் இல்லே" என்று வக்கீலிடமே சொல்லியிருக்கிறார். 1969-இல் புதிய சத்தியப் பிரமாணச் சட்டம் வந்து, கோயில் சத்தியத்தை முடிவான ஆதாரமாக்கிய பிரிவுகள் போய்விட்டன. அன்று சாயங்காலம் அப்பா எனக்கு அரை டஜன் லட்டு வாங்கிவந்தார். பாய்க்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மனுசனுக்கு மனுசன் வெச்ச நம்பிக்கைக்குக் கோர்ட்ல எடம் இல்லேன்னா எப்படி என்றார். நான் அப்பா பக்கம். கோர்ட் சாட்சியத்தைத்தான் பார்க்கவேண்டும். யார் எந்தச் சாமிக்குப் பயப்படுகிறார் என்று பார்க்கக்கூடாது. ஆனால் தெருவில், கடையில், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்தில், பாய் சொன்னதுதான் வேண்டியிருக்கிறது. அடுத்தவன் சாமியை நான் ஏற்கவேண்டியதில்லை. அதன்மேல் அவனுக்குள்ள பயபக்தியை மதிக்கவேண்டும். அரசியலமைப்பு எந்தப் பிரிவிலும் எழுதித் தரமுடியாத சரக்கு அது. அது இல்லாமல் அந்தப் பிரிவுகள் ஒரு நாளும் ஓடாது.

எனக்கு டைபாய்டு வந்த வருஷமே, அம்மாவின் வேண்டுதலுக்காகத் திருமலைக்குப் போனோம். சித்தூரிலிருந்து மீட்டர் கேஜ் ரயில். பாகாலா ஜங்ஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும். அங்கேயே இட்லி, அங்கேயே கைகழுவல். சந்திரகிரிக் கோட்டை தெரிந்ததும் பெட்டி முழுக்க "கோவிந்தா" கிளம்பும். அந்தப் பயணத்தில்தான் அப்பா திருப்பதிக் கோயில் நிர்வாகக் கதையைச் சொன்னார். சாமி கதை அம்மா பங்கு, கணக்குக் கதை அப்பா பங்கு.

1801-இல் இந்தச் சீமை கும்பினி கைக்கு வந்தது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடாற்காடு கலெக்டரின் பொறுப்பில் கோயில் வந்தது. காணிக்கையில் செலவு போக மிச்சத்தைக் கும்பினி கஜானாவில் சேர்த்தார்கள். கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகக் கோயிலை நடத்தலாமா என்று இங்கிலாந்தில் பாதிரிமார் எதிர்ப்புக் கிளப்பினார்கள். 1843-இல் கோயிலை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் விட்டுவிட்டுக் கும்பினி விலகியது. தொண்ணூறு வருஷம் மகந்துகள் நடத்தினார்கள். 1932-இல் சென்னைச் சட்டசபை தனிச் சட்டம் போட்டு, 1933 முதல் தேவஸ்தானக் கமிட்டி வந்தது. இன்றைக்கும் அறங்காவலர் குழுவை நியமிப்பது மாநில அரசுதான். "காசுக்காகப் பிடிச்சான், வெக்கத்துக்காக விட்டான். ரெண்டுமே சாமிக்காக இல்லே" என்று கும்பினியைப்பற்றி அப்பா சொன்னது, இப்போது நடக்கிற பலவற்றைப் பார்க்கும்போதும் நினைவுக்கு வருகிறது.

பாகாலாவில் ரயில் நின்றிருந்தபோது அப்பா இன்னொருவரைப்பற்றியும் சொன்னார். திருச்சானூரில் 1891-இல் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார். திருப்பதி தேவஸ்தானப் பள்ளியில் படித்து, சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்து, ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை விட்டவர். பளிச்சென்று திருமண் இட்ட வைஷ்ணவர். அப்படியே அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். 1956-இல் மவ்லங்கருக்குப் பிறகு லோக்சபா சபாநாயகர் ஆனார். 1957-லும் 1962-லும் எங்கள் சித்தூர்த் தொகுதியிலிருந்து ஜெயித்தார். 1948 டிசம்பரில் நிர்ணய சபையில் மத உரிமை விவாதம் நடந்தபோது அவர் சொன்னதன் சாரம் இது: நமக்கு மதத்தில் நம்பிக்கையில்லை, அன்றாட வாழ்வில் அதற்கு இடமில்லை என்று இதற்குப் பொருளில்லை, அரசு ஒரு மதத்துக்கு உதவவோ இன்னொன்றைவிட அதை உயர்த்தவோ கூடாது, அவ்வளவுதான்.

அலமேலுமங்கையின் ஊரான திருச்சானூரிலிருந்து போன ஒருவர் இதைச் சொன்னது எனக்கு இன்றும் பெருமை. பக்திக்குக் குறைவு வராது என்று தெரிந்ததால்தான் அவரால் அரசைத் தள்ளி நிற்கச் சொல்ல முடிந்தது. அவர் தினமும் சேவித்திருக்கக்கூடிய நம்மாழ்வார், அவரவர் தத்தம் அறிவுக்கு எட்டிய தெய்வத்தை அடைவதில் குறையொன்றுமில்லை என்ற கருத்தைத் திருவாய்மொழியின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாங்கள் திருமலைக்குப் போன வருஷம் குடியரசுத் தலைவராக இருந்தவரும் எங்கள் பக்கத்துக்காரர். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், சிறுவயதில் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஏழுமலையின் அடிவாரத்தில் பைபிள் பாடம் கேட்ட பிள்ளை அவர். பாதிரிமார் இந்து மதத்தைக் குறை சொன்னதுதான் அதை ஆழமாகப் படிக்கத் தூண்டியது என்று அவரே பின்னாளில் எழுதினார். குறை கேட்டுக் கோபித்துக்கொண்டு பள்ளியை விட்டு ஓடவில்லை, படித்து பதில் சொன்னார். மனம் புண்பட்டுவிட்டது என்று உடனே போலீஸுக்கு ஓடுகிற இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

மலையடிவாரத்து அலிபிரியில் ஏறத் தொடங்கினோம். 1944-இலேயே மலைப்பாதையில் பஸ் வந்துவிட்டது. ஆனாலும் அம்மாவின் வேண்டுதல் நடைக்கு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஏறினாள். மஞ்சள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஏறியவர் அப்பா. காலி கோபுரத்தில் மோர் குடித்தோம். முழங்கால் முறிச்சான் படியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மீதிப் படிகளுக்கு அப்பாவே மஞ்சள் வைத்துக்கொண்டு வந்தார். கல்யாணகட்டாவில் எனக்கு மொட்டை. வரிசையில் நின்று உள்ளே போய், ஒரு நொடி, அந்தக் கருமையும் பச்சைக் கர்ப்பூரமும். வெளியே உண்டியலுக்கு வந்ததும், டைபாய்டு நாளில் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசை அம்மா அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

போட்டார். எனக்குத் தாங்கவில்லை, இறங்கும்போது கேட்டேன். "நம்பாம போட்டா செல்லுமாப்பா?"

"அவ பெருமாளை நம்பறா. நான் அவளை நம்பறேன். செல்லும்டா."

ஊருக்கு வந்தபின், அலமாரியிலிருந்து அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்து மூன்றாம் அட்டவணையைக் காட்டினார். மந்திரி, எம்.பி., நீதிபதி எல்லோரும் எடுக்கிற பதவிப் பிரமாணம் அதில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் வரி இரண்டாகப் பிரிந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அச்சாகியிருக்கும்: கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன், உளமார உறுதி கூறுகிறேன். எது வேண்டுமோ அது. 1949 அக்டோபரில் நிர்ணய சபையில், முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்கவேண்டும் என்று உறுப்பினர் காமத் திருத்தம் கொண்டுவந்தார், சொந்த நம்பிக்கையை எல்லோர் மேலும் சுமத்தலாகாது என்று இன்னொரு உறுப்பினர் குன்ஸ்ரு எதிர்த்தார், திருத்தம் தோற்றது. ஆனால் கடவுள் பெயரைச் சொல்ல விரும்புகிறவருக்கு அட்டவணையில் இடம் இருந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-இல் ஜெயித்தும் சத்தியப் பிரமாணத் தகராறில் வருஷக்கணக்கில் சபையில் உட்கார முடியவில்லை. 1888-இல்தான் அங்கே சட்டம் மாறியது. நம் ஆட்கள் முதல் நாளிலேயே இரண்டு வரியும் எழுதிவிட்டார்கள். 1967 மார்ச்சில் சென்னையில் அண்ணாவின் அமைச்சரவை உளமார உறுதி கூறிப் பதவியேற்றது. ரேடியோவில் கேட்டுவிட்டு அப்பா, "கீழ் வரி" என்றார். "நமக்கு மேல் வரி" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

காலம் எங்கேயோ போய்விட்டது. மீட்டர் கேஜ் தண்டவாளம் இல்லை. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகி, சித்தூரும் திருப்பதியும் பிரிந்துவிட்டன. மாறாதவையும் உண்டு. யுகாதி அன்று கடப்பையில் தேவுனி கடப்பைப் பெருமாள் கோயிலுக்கு முஸ்லிம் குடும்பங்கள் தேங்காய் பழத்தோடு வருகின்றன. பீபி நாச்சியார் தங்கள் வீட்டுப் பெண், பெருமாள் மாப்பிள்ளை என்பது அவர்கள் உரிமை. திருமலையில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் அஷ்டதள பாதபத்மாராதனைக்கு 108 தங்கத் தாமரைகளை 1984-இல் கொடுத்தவர் குண்டூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பக்தர். அதே திருமலையில் வேற்று மதத்தவர் தரிசனத்துக்கு முன், சுவாமியிடம் நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கோயில் தன் முறையைத் தானே வகுத்துக்கொள்ளட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. யார் கையெழுத்துப் போட்டார், யார் போடவில்லை என்று அரசியல் மேடையில் கூவுவதுதான் எனக்கு வலிக்கிறது. ஒருவர் சாமிக்கும் தமக்கும் நடுவே எழுதிக்கொடுப்பதை ஓட்டுக்கணக்கில் சேர்க்கிறார்கள்.

2024 செப்டம்பரில் திருமலை லட்டு நெய் விவகாரம் வெடித்தபோது அதைத்தான் பார்த்தோம். நெய்யில் கலப்படமா என்பது ஆய்வுக்கூடம் சொல்லவேண்டிய விஷயம். அதற்குள் எந்த மதத்தவர் செய்த சதி என்று பேச்சு கிளம்பிவிட்டது. கடவுள்களையாவது அரசியலிலிருந்து தள்ளிவையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. பிறகு தனிப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. அனந்தசயனம் ஐயங்காரின் ஊரில் இந்தப் பாடத்தை மறுபடி டெல்லியிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்ததே என்று வெட்கமாக இருந்தது. சித்தூர், திருப்பதிக்காரர்கள் யார் இதைப் படித்தாலும் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் புரட்டாசிச் சொம்பு இன்னும் போகிறதென்றால், அது எந்த வீட்டையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று சித்தூர் கோர்ட்டில் கூண்டேறும் சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. பொய் சொன்னால் இருவருக்கும் ஒரே தண்டனை: ஏழு ஆண்டு வரை சிறை.